படுத்திருக்கும் நேரமும் உறங்கும் நேரமும்

(கள ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் உரிய சுகாதாரப் பாடம்)

ஐதராபாத் நகரின் வடமேற்கே, மும்பை செல்லும் நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் அமைந்திருப்பது குகட்பள்ளி. ஒரு காலத்தில் தனிச் சிற்றூராக இருந்த இவ்விடத்தில் ஆந்திரப் பிரதேச வீட்டுவசதி வாரியம் பெரியதொரு குடியிருப்பைப் பல கட்டங்களாக நிறுவியது. அருகிலுள்ள பாலாநகர், சனத்நகர் ஆகிய தொழிற்பகுதிகளில் வேலை செய்வோர் பலர் இப்பகுதியில் குடியேறினர். 1998 ஆம் ஆண்டில் ஹைடெக் சிட்டியில் சைபர் டவர்ஸ் கட்டடம் திறக்கப்பட்டதற்குப் பின்னர் கணினித் தொழிலைச் சார்ந்த குடும்பங்களும் பெருந்தொகையாக வந்து சேர்ந்தன. 2007 இல் குகட்பள்ளி மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. 2017 நவம்பர் முதல் நெடுஞ்சாலைக்கு மேலே தூண்களின்மீது மெட்ரோ ரயிலும் ஓடுகிறது.

இத்தகைய குடியிருப்பில் ஓர் அடுக்குமாடி வீட்டின் இரவு, முன்னாளைய சிற்றூரின் இரவைப் போன்றதன்று. ஒரு வீட்டில் தேர்வுக்குப் படிக்கும் மாணவர் நள்ளிரவு வரை விளக்கை அணைப்பதில்லை. அடுத்த வீட்டிலிருப்பவர் அமெரிக்க நிறுவனங்களின் அலுவலை அந்நாட்டுப் பகற்பொழுதில் கவனிக்க வேண்டியவராதலின், மாலையில் வேலைக்குப் புறப்பட்டு விடியற்காலையில் திரும்புகிறார். மேல்மாடியில் வசிப்போர், பகலெல்லாம் வெயிலில் காய்ந்த கான்கிரீட் கூரையின் வெம்மையில் புரளுகின்றனர். சாலையோரத்தில் வசிப்போர் லாரிகளின் ஓசையில் அவ்வப்போது விழித்துக்கொள்கின்றனர். இவர்கள் எல்லோரும் காலையில் கூறும் குறை ஒன்றே: “படுத்தேன், ஆனால் தூங்கிய மாதிரியே இல்லை.”

இக்குறையைக் கேட்கும் சுகாதார ஊழியரும் ஆசிரியரும் வழக்கமாகக் கூறும் அறிவுரை, “சீக்கிரம் படுங்கள்” என்பதாகும். நல்லெண்ணத்துடன் கூறப்படும் இவ்வறிவுரை போதுமானதன்று. சிலருக்குப் பயன்படாமலும் போகும். படுக்கையில் கழியும் நேரம் வேறு; உறக்கத்தில் கழியும் நேரம் வேறு. இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையை அறிதலும், அவ்வேற்றுமையை உண்டாக்கும் காரணங்களை ஒவ்வொன்றாக நீக்குதலுமே நல்லுறக்கத்திற்கு வழியாகும். அதனை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

உறக்கத்தின் இயல்பு

உறக்கம் என்பது உடல் வெறுமனே ஓய்ந்து கிடக்கும் நிலை என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 1953 இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் கிளைட்மன் என்பவரும் அவருடைய மாணவர் அசெரின்ஸ்கியும், உறங்குவோரின் கண்கள் மூடிய இமைகளுக்குள் சிற்சில வேளைகளில் விரைந்து அசைவதைக் கண்டறிந்து வெளியிட்டனர். கனவுகள் மிகுதியாகத் தோன்றுவது இவ்வேளைகளிலேயாம். இதன் பின்னர் நடந்த ஆராய்ச்சிகளால், உறக்கம் பல படிகளைக் கொண்டது என்பது உறுதியாயிற்று. இலேசான உறக்கம், ஆழ்ந்த உறக்கம், கண்ணசைவு உறக்கம் ஆகியவை சேர்ந்த ஒரு சுற்று ஏறத்தாழ 90 நிமிடம் நீடிக்கும். நல்லுறக்கமுடைய ஓர் இரவில் இத்தகைய சுற்றுகள் நான்கு முதல் ஆறு வரை நிகழ்கின்றன. ஆழ்ந்த உறக்கம் இரவின் முற்பகுதியிலும், கண்ணசைவு உறக்கம் பிற்பகுதியிலும் மிகுந்து காணப்படும். உறக்கம் அடிக்கடி கலையுமாயின், சுற்று முழுமை பெறுவதில்லை. மணிக்கணக்கு சரியாக இருந்தும் களைப்பு நீங்காமைக்கு இதுவே ஒரு காரணம்.

உறக்கத்தை வரவழைக்கும் ஏதுக்கள் இரண்டு. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது. அது மிகுந்தோறும் உறக்கத்தின் தேவையும் மிகும். இது முதலாவது ஏது. மூளையின் அடிப்பகுதியில் ஏறத்தாழ 20,000 நரம்பணுக்களால் ஆகிய சிறு முடிச்சு ஒன்று உள்ளது. இது உடலின் கடிகாரமாக இயங்கி, இரவு பகல் என்னும் பாகுபாட்டை உடலெங்கும் அறிவிக்கிறது. இது இரண்டாவது ஏது. இக்கடிகாரத்தின் நுட்பத்தைப் பழ ஈக்களில் ஆராய்ந்த ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கு 2017 இல் மருத்துவத்திற்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது. இவ்விரு ஏதுக்களும் ஒருமித்துச் செயற்படும்போது உறக்கம் எளிதில் வரும். மாறுபடும்போது உடல் களைத்திருந்தும் கண் மூடாது.

தேநீரிலும் காபியிலும் உள்ள காபீன், அடினோசினின் செயலை மறைத்துவிடும் தன்மையது. பருகிய காபீனில் பாதி உடலினின்று நீங்குவதற்குச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஆகவே, மாலை 5 மணிக்கு அருந்திய ஈரானி தேநீரின் காபீனில் பாதியளவு இரவு 10 மணிக்கும் உடலில் இருக்கும் எனக் கணக்கிடலாம். மதுவோ முதலில் மயக்கத்தைத் தந்து பின்னிரவில் உறக்கத்தைக் கலைக்கும்.

வயது வந்தோர்க்கு நாள்தோறும் ஏழு மணிக்குக் குறையாத உறக்கம் தேவை. 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணியும், 13 முதல் 18 வயது வரையுள்ளோர்க்கு 8 முதல் 10 மணியும் வேண்டும். இவை உறங்கும் மணிகள். படுத்திருக்கும் மணிகள் அல்ல.

சென்னையில் நடந்த பரிசோதனை

படுத்திருத்தலுக்கும் உறங்குதலுக்கும் உள்ள வேற்றுமையைத் தெளிவாகக் காட்டிய ஆராய்ச்சி ஒன்று சென்னை நகரில் நடைபெற்றது. அதன் முடிவுகள் 2021 இல் வெளியாயின. குறைந்த வருவாயுடைய 452 பேர் இதில் பங்கு கொண்டனர். மணிக்கட்டில் அணியும் சிறு கருவியொன்றினால் அவர்களுடைய அசைவுகள் பதிவு செய்யப்பட்டு, அவற்றினின்றும் உறங்கிய நேரம் கணக்கிடப்பட்டது. பங்குகொண்டோர் சராசரியாக 8 மணி நேரம் படுக்கையில் இருந்தனர். ஆனால் உறங்கியதோ ஏறத்தாழ ஐந்தரை மணி நேரமே. எஞ்சிய இரண்டரை மணி நேரமும் புரளுவதிலும் விழிப்பதிலும் கழிந்தது. மூச்சுத் தடையாலும் தூக்கமின்மை நோயாலும் வருந்துவோரின் உறக்கத்திற்கு ஒப்பாக இவர்களுடைய உறக்கம் துண்டுபட்டிருந்தது.

பின்னர் அவர்களில் ஒரு சாராருக்கு உறக்கத்தைப் பற்றிய அறிவுரைகளும் ஊக்கமும் அளிக்கப்பட்டன. வீட்டில் உறங்கும் வசதியைப் பெருக்கும் பொருள்களும் தரப்பட்டன. மூன்று வாரங்களில் அவர்களுடைய உறக்கம் இரவுக்கு 27 நிமிடம் கூடியது. எனினும் இக்கூடுதல், படுக்கையில் அதிக நேரம் கிடந்தமையால் வந்ததேயன்றி, உறக்கம் கலையாமல் நீடித்தமையால் வந்ததன்று. இதனால் வேலைத் திறனிலோ, சிந்தனைத் தெளிவிலோ, மன நலத்திலோ குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதுவும் காணப்படவில்லை. ஆராய்ச்சியாளர்கள் எதிர்பாராத முடிவு இது. மாறாக, பணியிடத்தில் அமைதியான சூழலில் பிற்பகலில் சிறிது நேரம் கண்ணயர்ந்தவர்களிடம் இம்மூன்றிலும் முன்னேற்றம் தென்பட்டது. ஆயினும் வேலை நேரத்தின் ஒரு பகுதி உறக்கத்தில் கழிந்தமையால் அவர்களுடைய ஊதியம் உயரவில்லை.

இப்பரிசோதனையினால் இரவு உறக்கம் வேண்டியதில்லை என்று முடிவு கட்டிவிடலாகாது. துண்டுபட்ட உறக்கத்தை நீட்டுவதனால் மட்டும் பயன் விளையாமற் போகலாம் என்பதே இதிலிருந்து கொள்ளத்தக்க எச்சரிக்கையாகும். குகட்பள்ளி போன்ற நெருக்கமான நகர்ப்பகுதிகளில் பணிபுரிவோர் இவ்வெச்சரிக்கையை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். உறக்கத்தைத் துண்டாக்குவது எது என்று முதலில் கண்டறிந்து, அதன் பின்னரே நேரத்தைப் பற்றிப் பேசுதல் முறை.

உறக்கத்தைக் கலைப்பவை

1. வெப்பம்.- உறக்கம் வருமுன் உடலின் உள்வெப்பம் சிறிது தணிய வேண்டும். கைகால்களின் தோல் வழியாக வெப்பம் வெளியேறுவதாலேயே இது நிகழ்கிறது. அறை வெப்பமாயிருப்பின் இவ்வெளியேற்றம் தடைப்பட்டு, ஆழ்ந்த உறக்கமும் கண்ணசைவு உறக்கமும் குறைகின்றன. கோடைக்காலத்தில் தக்காணப் பீடபூமியின் வெயிலை நாள் முழுதும் உள்வாங்கிய கான்கிரீட் கூரை, அவ்வெப்பத்தை இரவில் அறைக்குள் மெதுவாக விடுகிறது. கூரையின் மேற்பரப்பை வெண்மையாக்கினால் வெயிலின் பெரும்பகுதி திருப்பி அனுப்பப்படும். 2017 இல் ஐதராபாத்தின் எளிய வீடுகள் சிலவற்றில் இம்முறை கையாளப்பட்டபோது, உள்வெப்பம் சராசரியாக 2 டிகிரி சென்டிகிரேடு குறைந்தது. 2023 இல் தெலங்கானா அரசு குளிர்கூரைக் கொள்கை ஒன்றினை அறிவித்து, ஐந்தாண்டுகளில் 300 சதுரக் கிலோமீட்டர் கூரைப் பரப்பை இவ்வாறு மாற்றுவதெனக் குறிக்கோள் வகுத்தது. சுண்ணாம்பு அடித்தலும் இவ்வகையைச் சேர்ந்ததே, செலவு குறைந்தது, ஆண்டுதோறும் கோடைக்கு முன்பே செய்யத்தக்கது. மாலையில் வெளிக்காற்று அறைக்காற்றைவிடக் குளிர்ந்தவுடன் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறத்தலும், படுப்பதற்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்திற்கு முன்பு வெதுவெதுப்பான நீரிற் குளித்தலும் பயன் தரும். வெந்நீரால் தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து, உட்சூடு விரைவில் வெளியேறும்.

2. ஓசை.- ஓசை டெசிபெல் என்னும் அலகினால் அளக்கப்படுகிறது. 10 டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது; செவிக்கு ஏறத்தாழ இருமடங்காகத் தோன்றுகிறது. மத்திய அரசு 2000 ஆம் ஆண்டில் பிறப்பித்த ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல்லும் இரவில் 45 டெசிபெல்லும் மேல்வரம்பாகும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இரவெனக் கொள்ளப்படும். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2009 இல் வீட்டுக்கு வெளியே இரவு ஓசை 40 டெசிபெல்லுக்கு மேற்படலாகாது எனப் பரிந்துரைத்தது. உறங்குபவர் விழிக்காவிடினும், உரத்த ஓசை அவருடைய நாடித்துடிப்பை உயர்த்தி, ஆழ்ந்த உறக்கத்தை இலேசான உறக்கமாக மாற்றிவிடும். “பழகிவிட்டது” என்று கூறுவோரும் இதற்கு விலக்கல்லர்.

சாலைப் பக்கத்து அறையை விட்டு உள்ளறையில் படுத்தல், சன்னற் சட்டங்களின் இடுக்குகளை அடைத்தல், தடித்த திரையிடுதல், செவியடைப்பான் அணிதல் ஆகியவை வீட்டார் செய்யக் கூடியவை. மின்விசிறியின் ஒரே சீரான ஓசை, திடீரென எழும் ஓசைகளை ஓரளவு மறைக்கும். ஆயின் ஒலிபெருக்கியின் ஓசையை ஒரு குடும்பம் தனியே தடுத்தல் இயலாது. உரிய அதிகாரியின் எழுத்துமூலமான அனுமதியின்றி ஒலிபெருக்கியைப் பயன்படுத்தலாகாது என்பதும், இரவு வேளையில் திறந்த வெளியில் அதனை இயக்குதல் பொதுவாகத் தடைசெய்யப்பட்டது என்பதும் அவ்விதிகளில் அடங்கும். 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இத்தடையை மேலும் வலியுறுத்தியது. விதியை மீறும் ஓசையைக் குறித்து எவரும் முறையிடலாம். இச்செய்தியைக் குடியிருப்போர் சங்கங்களுக்கு எடுத்துரைத்தல் கள ஊழியரின் கடமைகளுள் ஒன்றாகக் கருதத்தக்கது.

3. ஒளி.- பார்த்தற்கென்று அமைந்த அணுக்கள் அல்லாமல், ஒளியின் அளவை உடற்கடிகாரத்திற்கு அறிவிப்பதற்கென்றே அமைந்த அணுக்களும் கண்ணில் உள்ளன. நீலம் கலந்த வெண்ணிற ஒளி இவற்றை மிகுதியாகத் தூண்டும். இத்தூண்டுதலால் இரவில் சுரக்க வேண்டிய மெலட்டோனின் என்னும் ஹார்மோன் தடைப்படுகிறது. கைப்பேசியின் தீங்கு அதன் ஒளியினால் மட்டும் விளைவதன்று; அதில் காணும் செய்திகளும் விளையாட்டுகளும் மனத்தைக் கிளறி, படுக்கும் நேரத்தையே தள்ளிப்போடுகின்றன. கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே வைத்துவிடுதல் எளிய பரிகாரம். காலை ஒளியோ நன்மை பயப்பது. விழித்தெழுந்ததும் அரைமணி நேரம் வெளிச்சத்தில் நடப்பவருக்கு அன்றிரவு உறக்கம் உரிய நேரத்தில் வரும்.

4. கொசு.- குகட்பள்ளியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள பேகம்பேட்டையில்தான், 1897 ஆகஸ்டு 20 ஆம் நாள் ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டறிந்தார். நோய் பரப்பாத கொசுவும் உறக்கத்தைக் கெடுக்கத் தவறுவதில்லை. கொசுவலையே பாதுகாப்பான முறையாகும். வலைக்குள் காற்றோட்டம் குறைவதால், தரையில் நிற்கும் விசிறியை வலைக்கு அருகே பக்கவாட்டில் வைத்தல் நன்று. தேங்கிய நீரை வாரம் ஒருமுறையேனும் அகற்றுவதை அண்டை வீட்டாருடன் சேர்ந்து செய்தால்தான் பயன் உண்டு.

இரவுப் பணியாளர்

இரவில் வேலை செய்து பகலில் உறங்குபவருக்கு மேற்கூறிய தடைகள் அனைத்தும் ஒருங்கே நேர்கின்றன. உறக்கத் தேவை மிகுந்திருந்தும், உடற்கடிகாரம் விழித்தெழும்படி தூண்டுகிறது. வெயில் ஏறுகிறது, தெருவில் வியாபாரிகள் கூவுகின்றனர், வாயில் மணி ஒலிக்கிறது. ஆகையால் பகலுறக்கம் இரவுறக்கத்தைவிடக் குறைவாகவே அமைகிறது. உடற்கடிகாரத்தைக் குலைக்கும் இரவுப்பணி மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக் கூடும் என்னும் வகுப்பில், சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2007 இல் அதனைச் சேர்த்தது. 2019 இல் மறுபடியும் ஆராய்ந்து அம்முடிவையே உறுதி செய்தது.

உடனடியான ஆபத்தும் ஒன்று உண்டு. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மதுவுள்ளவரின் திறனுக்கு ஒப்பாகத் தாழ்கிறது என்று 1997 இல் ஆஸ்திரேலியாவில் நடந்த பரிசோதனை காட்டியது. இந்தியாவில் வாகனம் ஓட்டுவோர்க்குச் சட்டம் விதித்த வரம்பு 0.03 சதவீதமே. இரவுப்பணி முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புபவர், மது ஒரு துளியும் அருந்தாதவராயினும், இவ்வரம்பைக் கடந்தவரை ஒத்த நிலையில் இருக்கக் கூடும். எனவே அலுவலக வாகனத்திலோ பொது வாகனத்திலோ திரும்புதல் நலம். இயலாதாயின், புறப்படுமுன் 20 நிமிடம் கண்ணயர்ந்து, மயக்கம் முற்றும் தெளிந்த பின்னரே வண்டியை எடுத்தல் வேண்டும்.

இரவுப் பணியாளர் பின்வரும் முறைகளைக் கைக்கொள்ளலாம்:

(அ) வேலைக்குச் செல்லுமுன் மாலையில் சிறிது உறங்குதல்.
(ஆ) தேநீரைப் பணியின் முற்பகுதியில் மட்டும் அருந்துதல்.
(இ) வீடு திரும்பியதும் கனமான உணவைத் தவிர்த்து, தாமதமின்றிப் படுத்தல்.
(ஈ) படுக்கையறையின் சன்னல்களை ஒளிபுகாத துணியால் மறைத்தல்.
(உ) விடுமுறை நாளிலும் உறக்க நேரத்தின் ஒரு பகுதியையேனும் பணிநாளின் நேரத்தோடு பொருந்த வைத்தல்.

குடும்பத்தாரின் ஒத்துழைப்பு இதில் இன்றியமையாதது. இரவுப் பணியாளரின் பகலுறக்கத்தை, மற்றவர்களின் நள்ளிரவு உறக்கத்திற்குச் சமமாக மதித்தல் வேண்டும். வீட்டு வேலைகளும் குழந்தைப் பராமரிப்பும் பெண்களின் பொறுப்பாகவே விடப்படும் இல்லங்களில், இரவுப்பணி செய்யும் பெண்ணுக்குப் பகலுறக்கம் அறவே கிட்டாமற் போகிறது. அங்கே மருந்தைவிட வேலைப் பங்கீடே பரிகாரம் என்பதை ஊழியர் வீட்டாருக்குப் பக்குவமாக எடுத்துரைக்க வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகள்

இந்திய நேரம் கிழக்கு 82½ பாகை நெடுங்கோட்டைத் தழுவி அமைந்தது. குகட்பள்ளியோ ஏறத்தாழ 78.4 பாகையில் உள்ளது. ஒரு பாகைக்கு 4 நிமிடமாதலின், அங்கே சூரியனின் நேரம் கடிகார நேரத்தைவிடச் சுமார் 16 நிமிடம் பின்தங்கியிருக்கும். இவ்வேற்றுமை சிறிதே. எனினும் நாட்டின் மேற்குப் பகுதிகளில் இது பெரிதாகிறது. அந்தி தாமதமாகும் இடங்களில் பிள்ளைகள் தாமதமாகப் படுக்கின்றனர். பள்ளி மணியோ எங்கும் ஒரே வேளையில் அடிக்கிறது. குறைவது உறக்கமே.

மேலும் 13 வயதை ஒட்டிய பருவத்தில் உடற்கடிகாரம் இயல்பாகவே சற்றுப் பின்தள்ளிச் செல்லும். இரவில் நெடுநேரம் விழித்திருந்து காலையில் எழத் தயங்கும் மாணவரைச் சோம்பேறி என்று கருதுதல் பொருந்தாது. பகலிற் கற்றவை நினைவில் நிலைபெறுவதற்கு உறக்கம் வேண்டியிருப்பதால், தேர்வுக்கு முன்னிரவு முழுதும் கண்விழித்துப் படித்தல் கற்றதையும் இழப்பதற்கு வழியாகும். வகுப்பில் அடிக்கடி கண்ணயரும் பிள்ளையைத் தண்டிப்பதற்கு முன், முந்திய இரவில் அப்பிள்ளை எங்கே, எவ்வளவு நேரம் உறங்கியது என்று ஆசிரியர் வினவுதல் நன்று. ஒரே அறையில் ஐவர் படுத்து, நடுவில் தொலைக்காட்சியும் ஓடுமாயின், தவறு பிள்ளையினுடையதன்று.

உறக்கத் திறனைக் கணக்கிடுதல்

உறங்கிய நேரத்தைப் படுக்கையில் இருந்த நேரத்தால் வகுத்து 100 ஆல் பெருக்கினால் கிடைப்பது உறக்கத் திறன். இது 85 சதவீதமும் அதற்கு மேலும் இருத்தல் நலம். இதனை அறிய விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. ஒரு குறிப்பேடு போதும். ஏழு நாட்கள், காலையில் எழுந்தவுடன், பின்வருவனவற்றை மதிப்பாக எழுதுதல் வேண்டும்: படுத்த நேரம், கண்ணயர எடுத்த நிமிடங்கள், இடையில் விழித்திருந்த மொத்த நிமிடங்கள், எழுந்த நேரம், உறக்கத்தைக் கலைத்த காரணம். இரவில் கடிகாரத்தைப் பார்த்தல் கூடாது. பார்த்தால் கவலை மிகுந்து உறக்கம் மேலும் விலகும்.

உதாரணம்: ஒருவர் இரவு 10 மணிக்குப் படுத்துக் காலை 6 மணிக்கு எழுகிறார். கண்ணயர 40 நிமிடம் ஆயிற்று. இடையில் மூன்று தடவை விழித்ததில் 50 நிமிடம் கழிந்தது. படுக்கையில் இருந்தது 480 நிமிடம். விழித்திருந்தது 90 நிமிடம். உறங்கியது 390 நிமிடம். 390 ஐ 480 ஆல் வகுத்து 100 ஆல் பெருக்க, உறக்கத் திறன் 81 சதவீதமாகும். சென்னைப் பரிசோதனையின் சராசரியை இம்முறையிற் கணக்கிட்டால் ஏறத்தாழ 69 சதவீதம் வரும்.

குறிப்பேட்டின் கடைசிப் பத்தியே மிக முக்கியமானது. அங்கே “வெப்பம்” என்பது திரும்பத் திரும்ப வருமாயின் கூரையையும் சன்னலையும், “லாரி” என்று வருமாயின் படுக்குமிடத்தையும், “கொசு” என்று வருமாயின் வலையையும் முதலில் கவனிக்க வேண்டும். இத்தடைகளை நீக்கிய பின்னரும் திறன் குறைவாக இருப்பின், எழும் நேரத்தை மாற்றாமல் நிலைநிறுத்தி, படுக்கும் நேரத்தைச் சற்றுப் பின்தள்ளலாம். மேற்கண்ட உதாரணத்தில் உள்ளவர் 10 மணிக்குப் பதிலாக 11 மணிக்குப் படுத்தால், உறக்கத் தேவை மிகுந்து, இடையில் விழித்தல் குறையும். திறன் 85 சதவீதத்தைக் கடந்த பின், வாரத்திற்கு 15 நிமிடமாகப் படுக்கும் நேரத்தை முன்கொணர்ந்து, வேண்டிய உறக்க அளவை எய்தலாம். தூக்கமின்மைக்கு மருந்தைவிட முதலில் மேற்கொள்ளத்தக்கதெனப் பல நாட்டு மருத்துவச் சங்கங்கள் பரிந்துரைக்கும் பயிற்சி முறையின் ஓர் அங்கம் இது. ஆயினும் படுக்கும் நேரத்தை ஆறு மணிக்குக் கீழே குறைத்தல் ஆகாது. வாகனம் ஓட்டுவோர், வலிப்பு நோயுடையோர், மனநோய்க்குச் சிகிச்சை பெறுவோர், கர்ப்பிணிகள் ஆகியோர் மருத்துவரின் யோசனையின்றி இதனைச் செய்யலாகாது.

மருத்துவரிடம் அனுப்பத்தக்கோர்

உரத்த குறட்டையுடன் இடையிடையே மூச்சு நின்று திணறி விழிப்போர்; போதிய நேரம் உறங்கியும் பகலில் தம்மையறியாமல் கண்ணயர்வோர்; வாரத்தில் மூன்று இரவுகளுக்கு மேலாக, மூன்று மாதங்களுக்கு மேல் உறக்கமின்றி வருந்துவோர்; உறக்கமின்மையோடு துயரமும் வாழ்க்கையில் வெறுப்பும் கொண்டோர் ஆகியவர்களை ஊழியர் தாமதமின்றி மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். குறட்டை நல்லுறக்கத்தின் அடையாளம் என்பது தவறான நம்பிக்கை. மூச்சுத்தடை நோய் இரத்த அழுத்தத்தை உயர்த்தும். ஓட்டுநரிடத்தில் விபத்துக்கும் ஏதுவாகும். 1981 இல் ஆஸ்திரேலிய மருத்துவர் சல்லிவன் அறிமுகப்படுத்திய காற்றழுத்தக் கருவியினால் இந்நோயைக் கட்டுப்படுத்தலாம். மருந்துக் கடையில் தாமாகவே தூக்க மாத்திரை வாங்கி உட்கொள்ளுதல் கண்டிப்பாகத் தவிர்க்கத்தக்கது.

ஊழியரின் கடமை

குறைந்த உறக்கத்திற்குப் பழகிவிட்டதாக எண்ணுவோரைப் பற்றி ஒரு செய்தியைக் குறிப்பிடுதல் வேண்டும். 2003 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், இரவுக்கு ஆறு மணி நேரம் படுக்கையில் இருக்க அனுமதிக்கப்பட்டோரின் கவனத்திறன் நாளுக்கு நாள் குறைந்து, இரு வாரங்களின் முடிவில் முற்றிலும் உறங்காதவரின் நிலையை எட்டியது. எனினும் தாம் அவ்வளவு பாதிக்கப்பட்டதாக அவர்கள் உணரவில்லை. உறக்கக் குறைவு தன்னை மறைத்துக்கொள்ளும் இயல்புடையது. ஆதலால்தான் “எப்படித் தூங்கினீர்கள்?” என்னும் கேள்வி மட்டும் போதாது, குறிப்பேடும் கணக்கும் வேண்டும்.

உறக்கத்தைத் தனி மனிதரின் ஒழுக்கமாக மட்டும் கருதினால், நெருக்கமான வீட்டில் வாழ்பவரே எப்போதும் குற்றவாளியாவார். கைப்பேசியை விலக்குவதும் தேநீரைக் குறைப்பதும் அவருடைய கையில் உள்ளன. கூரையின் வெப்பம் வீட்டு உரிமையாளரின் கையிலும், ஒலிபெருக்கி அண்டை அயலாரின் கையிலும், பணிநேரம் நிறுவனத்தின் கையிலும், தேங்கிய நீர் ஊரார் எல்லோருடைய கையிலும் உள்ளன. எத்தடை எவர் கையில் இருக்கிறது என்று பிரித்தறிந்து, உரியவரிடம் உரியதைக் கேட்கும் ஊழியரே படுத்திருக்கும் நேரத்தை உறங்கும் நேரமாக மாற்ற உதவுகிறார்.

பயிற்சி வினாக்கள்

1. உறக்கத்தை வரவழைக்கும் இரு ஏதுக்கள் யாவை? மாலைத் தேநீர் இவற்றுள் எதனைப் பாதிக்கிறது?
2. சென்னைப் பரிசோதனையில் இரவு உறக்கம் 27 நிமிடம் கூடியும் பயன் விளையாமைக்குக் காரணம் யாதாக இருக்கலாம்?
3. இரவு 11 மணிக்குப் படுத்துக் காலை 6 மணிக்கு எழும் ஒருவர் மொத்தம் 63 நிமிடம் விழித்திருந்தார். அவருடைய உறக்கத் திறன் எவ்வளவு?
4. தங்கள் பகுதியில் பத்து வீடுகளில் உறக்கத்தைக் கலைக்கும் காரணங்களைத் தொகுத்து, அவற்றை வீட்டார் நீக்கத்தக்கவை, ஊரார் நீக்கத்தக்கவை என இரு வகையாகப் பிரிக்க.

(மூன்றாம் வினாவின் விடை: 85 சதவீதம்.)